மட்டக்கம்பின் மேல் விழுந்த பழி

எங்கள் லயத்தில் உப்பு தீர்ந்துபோனால் யாரும் கடைக்கு ஓடுவதில்லை. அடுப்புத் திண்டின் மேல் ஒரு காலை வைத்து, நடுச்சுவருக்கு மேலே கையை நீட்டினால் போதும். அந்தப் பக்கத்துக் கை உப்பு டப்பாவோடு வந்துவிடும்.

தம்பி டவுன் பக்கம் வளர்ந்தவர் போலத் தெரிகிறது, அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். லயம் என்றால் ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடு. வீடு என்றால் படுத்து எழும்ப ஒரு காம்பரா, பின்னால் ஒரு அடுப்படி, முன்னால் காலை நீட்டி உட்கார ஓர் இஸ்தோப்பு. வீட்டுக்கு வீடு நடுவில் கல்சுவர். வெள்ளைக்காரன் காலத்துச் சுவர், கல்லும் மண்ணும். அது கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேலே இரண்டு முழம் போய் நின்றுவிடும். அதற்கு மேலே உள்ள இடம் யாருக்கும் சொந்தமில்லை. புகையும் பேச்சும் மட்டும் அங்கே போகும், வரும்.

பூரணியுடையது கடைசி வீடு. அதற்கு முந்தியது என்னுடையது. முப்பத்தெட்டு வருஷமாக நாங்கள் முகம் பார்த்துப் பேசியதைவிடச் சுவருக்கு மேலாகப் பேசியதுதான் அதிகம்.

"அக்கா, இன்னைக்கு என்ன கறி?"

"நேத்து வச்ச பருப்பு."

"நேத்துக் கேட்டப்பவும் நேத்து வச்ச பருப்புன்னுதானே சொன்னீங்க."

"அப்ப இது முந்தாநேத்துப் பருப்பு. வேணுமா, வேணாமா?"

"குடுங்க. ரெண்டு நாள் ஊறுனதுன்னா ருசியாத்தான் இருக்கும்."

என் வீட்டுக்காரர் ஆண்டியப்பன் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் போன மறுநாள் விடிகிறபோது சுவருக்கு மேலிருந்து பூரணியின் குரல் வந்தது. "அக்கா, எந்திரிச்சிட்டீங்களா?" "எந்திரிச்சிட்டேன்" என்றேன். அன்றிலிருந்து தினமும், அவள் பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்துக்கு, கிளம்பும் முன்னே அந்த ஒரு கேள்வி, இந்த ஒரு பதில். நான் பென்ஷன் வாங்கி வீட்டோடு இருந்துவிட்ட பிறகும் அது நிற்கவில்லை. அவள் கேட்காவிட்டால் எனக்கு எழும்ப வேண்டும் என்ற நினைப்பே வராது.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், காரணம் கேட்டீர்கள். காரணம் இவ்வளவுதான்.

மூக்கன் போட்ட மேல்தளம் விழுந்துதான் பூரணியின் மருமகள் கேஷிகா இறந்தாள் என்று உங்கள் கோப்பில் இருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை அவன் நீதிமன்றத்தில் தன் தவறுதான் என்று ஒப்புக்கொள்ளப் போகிறான். அதனால்தான் காலை பஸ்ஸில் ஏறி நோர்வூட் பொலிசுக்கு வந்தேன். செய்யாததை ஒருவன் ஒப்புக்கொள்ளக் கூடாது. அந்தத் தளம் நல்ல தளம். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அதோ, அலுமாரிப் பக்கம் துண்டுச் சீட்டுக் கட்டிச் சாய்த்து வைத்திருக்கிறீர்களே, அந்தக் கம்பு என்னுடையது. முப்பத்தொரு வருஷம் நான் கொழுந்தெடுத்தபோது என் கையில் இருந்தது. தேயிலைச் செடியின் மேல் கிடையாக வைப்போம். கம்புக்கு மேலே நிற்கிற கொழுந்தை மட்டும் எடுப்போம். செடிகளின் தலை வெட்டிவிட்டது போலச் சமமாக இருக்கும். மட்டக்கம்பு என்பது அதற்குத்தான், வேறு எதற்கும் இல்லை.

பூரணியின் மகன் லோஜன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறான். வைகாசியில் உடப்புசல்லாவையிலிருந்து பெண் எடுத்தார்கள். நல்ல பிள்ளை. வாய் கொஞ்சம் அதிகம், மனசில் ஒன்றும் கிடையாது. ஒரே காம்பரா. மாமியார் ஒரு மூலை, புதுப் பெண் ஒரு மூலை, லோஜன் வந்தால் அவன் இஸ்தோப்பில். தோட்டத்து நிலத்தில் முன்னாலோ பின்னாலோ ஒரு அடி தள்ளிக் கட்ட விடமாட்டார்கள். அப்புறம் என்ன மிச்சம்? மேலேதான். கூரைக்குக் கீழே தளம் போட்டு ஓர் அறை ஆக்குவது என்று முடிவானது.

மூக்கன் எங்கள் தோட்டத்துக்காரன்தான். முதலில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவன், பிறகு தச்சு வேலை பழகி பாஸ், அதாவது மேஸ்திரி, ஆனவன். அவன் வேலையை நான் என் அடுப்படியிலிருந்தே கேட்டேன். கேட்டே எனக்கு முக்கால்வாசி தெரியும்.

"பூரணியக்கா, மொதல்ல ஒன்னு சொல்றேன். பலகை அடிக்கிறது பெரிய விசயமில்ல. பலகைக்கிக் கீழ என்ன இருக்குங்கிறதுதான் விசயம்."

"என்ன இருக்கணும்?"

"நாலு உத்தரம். கடைசிச் சுவருலருந்து அன்னம்மாக்கா சுவரு வரைக்கும். ரெண்டு முனையும் சுவருக்குள்ள நல்லா ஏறி ஒக்காரணும். கூரைச் சட்டத்துல ஒரு ஆணிகூட அடிக்க மாட்டேன். கூரை கூரையத்தான் தாங்கும், ஒங்க மருமகளத் தாங்காது."

"என் மருமக என்ன அவ்வளவு பாரமா?"

"மருமக பாரமில்ல. சீதனமா வந்த அலுமாரி இருக்கே, அத நாலு பேரு சேந்து எறக்கினோம்."

அந்தப் பக்கத்தில் கேஷிகா சிரித்தாள். நானும் இந்தப் பக்கத்தில் சிரித்தேன். அப்போது நானும் சிரித்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

சுவரில் குழி வெட்டும்போது கல் உதிர்ந்து ஓட்டை என் பக்கம் வரைக்கும் வந்துவிட்டது. மூக்கன் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "அக்கா, உத்தரத்து முனை ஒங்க வீட்டுப் பக்கம் தெரியும். மனசுல வச்சுக்காதீங்க." பரவாயில்லை என்றேன். அன்றைக்கு அவனிடம் மட்டம் பார்க்கும் கருவி இல்லை. அதை யாரோ இரவல் வாங்கிப் போயிருந்தார்கள். "ஒங்க மட்டக்கம்பத் தாங்களேன், அதுலயே பாத்துக்கிறேன்" என்றான். கொடுத்தேன்.

உத்தரங்களின் முதுகில் கம்பை வைத்துப் பார்த்தான். எல்லாம் ஒரே கோடு. பலகையும் அடித்தான். கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி இருந்ததாம். கேஷிகா ஊறுகாய்க்கு வைத்திருந்த ஒரு தேசிக்காயைத் தளத்தின் மேல் வைத்தாள். அது நேராக உருண்டு வந்து என் சுவரில் முட்டி நின்றது.

"மூக்கண்ணே, தேசிக்காய் அன்னம்மா பெரியம்மா வீட்டுக்குப் போகுதே."

"காத்துல போயிருக்கும். இன்னொருக்கா வை."

இன்னொரு தடவையும் வந்து முட்டியது. பிறகுதான் அவனுக்கு உறைத்தது. மட்டக்கம்பு செடியின் முகத்தைத்தான் சமமாக்கும். மலை சரிந்தால் கம்பும் மலையோடு சேர்ந்து சரியும். எங்கள் லயமும் மலைச் சரிவில் நிற்கிற லயம்தான். பூரணி வீட்டிலிருந்து என் வீட்டுக்குச் சுவர் தணிந்து வருகிறது. வாழ்நாள் முழுக்கச் சரிவில் நின்றவன் கண்ணுக்குச் சரிவு தெரியவில்லை. லயம் முழுக்கச் சிரித்தது. "மட்டக்கம்பு பாஸ்" என்று அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார்கள்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் தண்ணீர் நிரப்பிய டியூப்போடு வந்தான். இரண்டு முனையையும் சுவரில் பிடித்து, தண்ணீர் நிற்கிற இடத்தில் கரிக்கோடு போட்டான். என் பக்கம் இரண்டு அங்குலம் தணிவு. ஜாக்கி வைத்து நாலு உத்தரத்தையும் தூக்கினான். என் வீட்டுப் பக்கமிருந்து, உத்தரத்துக்கு ஒன்றாக நாலு ஆப்பு அடித்து இறுக்கினான். கறுப்பேறிய, வைரம் பாய்ந்த யூகலிப்டஸ் மரம். ஓட்டை முழுவதும் அடைபட்டது. இப்போது தேசிக்காய் வைத்த இடத்தில் நின்றது.

அதோடு விட்டானா என்றால் இல்லை. எட்டு உர மூட்டையில் மண் நிரப்பி, தளத்தின் மேல் இரண்டு நாள் போட்டு வைத்தான். கீழே நூல் கட்டி, உத்தரம் வளைகிறதா என்று பார்த்தான். வளையவில்லை. அப்புறம்தான் அலுமாரியை ஏற்ற விட்டான். "நடுவுல வைக்காதீங்க. அன்னம்மாக்கா சுவரு ஓரமா வைங்க. பாரம் சுவருல எறங்கட்டும். மேல ஒரே நேரத்துல நாலு பேருக்கு மேல ஏறாதீங்க." இவ்வளவும் செய்தவனைத்தான் கவனயீனம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

போகும்போது என்னிடம் தனியாகச் சொன்னான். "அக்கா, இந்த நாலு ஆப்பும் ஒங்க பக்கம் இருக்கு. தீவாளிக்கி லோஜன் வரும்போது இரும்புத் தகடு கொண்டாறான். அத வச்சு சீமெந்து பூசிட்டா அப்புறம் கவலையில்ல. அது வரைக்கும் இதுல கை படாமப் பாத்துக்கிங்க."

"பட்டா என்ன ஆகும்?"

"ஒடனே ஒன்னும் ஆகாது. ஆனா ஆப்பு தூக்கி மட்டும் நிக்கல, புடிச்சுக்கிட்டும் நிக்குது. புடிப்பு போச்சுன்னா கல்லு ஆடும். மேல நடக்க நடக்க உத்தரம் நகரும்."

நான் கேட்ட கேள்வி அது. அவன் சொன்ன பதில் அது. எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

தளம் போட்டபோது சுவருக்கு மேலே இருந்த வழி மாடிக்குப் போய்விட்டது. புதுப் பெண் படுக்கிற இடம். அங்கே திறந்து கிடக்க முடியாது அல்லவா. கேஷிகா சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒட்டுப்பலகை அடித்துவிட்டாள். கீழே பலகை, மேலே பலகை. முதல் நாள் காலை நான் விழித்துப் படுத்திருந்தேன். பூரணி கூப்பிட்டாளோ இல்லையோ தெரியாது. எனக்குக் கேட்கவில்லை. வேலைக்குச் சங்கு ஊதியது, அவள் செருப்புச் சத்தம் இஸ்தோப்பைத் தாண்டிப் போனது.

குற்றம் சொல்லவில்லை. மாலையில் மாமியாரும் மருமகளும் மேலே உட்கார்ந்து பேசுவார்கள். சிரிப்புக் கேட்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது கேட்காது. சொல் இல்லாத சிரிப்பு இருக்கிறதே, தம்பி, அதைக் கேட்டுக்கொண்டு இருப்பது கொஞ்சம் கஷ்டம்.

ஒரு நாள் அகப்பையால் சுவரைத் தட்டினேன். பூரணி வெளியே சுற்றிக்கொண்டு வந்தாள்.

"என்னக்கா, சுவர இடிக்கிறீங்க?"

"உப்பு முடிஞ்சு போச்சு."

"அதுக்கா? புள்ளகிட்ட குடுத்து அனுப்புறேன்."

கேஷிகா வந்தாள். கையில் பிரிக்காத முழுப் பாக்கெட் உப்பு.

"இத வச்சுக்கிங்க பெரியம்மா. ஒவ்வொரு தடவையும் நீங்க கேட்டுக்கிட்டு இருக்கத் தேவையில்ல. பேசணும்னா அத்தைக்கு ஒரு கோல் எடுங்க. சுவருக்கு ரெண்டு பக்கமும் இருந்துக்கிட்டு அத்தையும் நீங்களும் போன்ல பேசுனா எவ்வளவு ஜோக்கா இருக்கும்."

நல்ல மனசோடு சொன்னது. நானும் சிரித்தேன். "ஆமாம்மா, ஜோக்காத்தான் இருக்கும்" என்றேன். அந்தப் பாக்கெட் இன்னும் என் அடுப்படியில் பிரிக்காமல் இருக்கிறது.

முதல் ஆப்பை எடுத்தது அதற்கு நாலைந்து நாள் கழித்து. பூரணி கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருந்தாள். கேஷிகா தண்ணீர்ப் பீலிக்குத் துணி துவைக்கப் போயிருந்தாள். விறகு பிளக்கிற கோடரியின் பின்பக்கத்தால் பக்கவாட்டில் தட்டினேன். ஒரே நாளில் வரவில்லை. மூன்று நாள் காலை, கொஞ்சம் கொஞ்சமாக. நான் நினைத்தது இவ்வளவுதான்: நாலில் மூன்று இருக்கிறது, மூன்று போதும். ஆப்பு வந்த இடத்தில் இரண்டு விரல் நுழைகிற ஓட்டை கிடைத்தது. அன்று மாலை அதில் காதை வைத்தேன். பூரணி சட்டி கழுவிக்கொண்டே மருமகளிடம் சொன்னாள், "அன்னம்மாக்கா இப்பல்லாம் பேச்சக் கொறச்சிருச்சு, ஒடம்புக்கு என்னமோ."

என்னைப் பற்றித்தான் பேசினாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் பேசிய ஒரு முழு வசனம் என் காதில் விழுந்தது. நான் அடுப்புத் திண்டில் உட்கார்ந்து அழுதேன். அதை எழுத வேண்டியதில்லை.

"ஒடம்புக்கு ஒன்னுமில்ல பூரணி" என்று ஓட்டைக்குள் சொன்னேன்.

"அக்கா? எங்கருந்து பேசுறீங்க? பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கு."

"மழைக்கி சுவரு கொஞ்சம் விரிஞ்சிருக்கும் போல."

"விரியட்டும் விரியட்டும். எங்க சுவருக்கும் ஒங்க ஞாபகம் இருக்கு."

மறுநாள் விடியும் முன் கேட்டாள். "அக்கா, எந்திரிச்சிட்டீங்களா?"

இரண்டாவது ஆப்பை ஏன் எடுத்தேன் என்று கேட்பீர்கள். முதல் ஓட்டை காம்பராப் பக்கம். பூரணி அதிக நேரம் இருப்பது அடுப்படிப் பக்கம். அங்கே அவள் பேசுவது பாதிதான் வந்தது. அதனால் பக்கத்து உத்தரத்தின் ஆப்பையும் எடுத்தேன். இரண்டும் நடு உத்தரங்கள். அவற்றின் மேல்தான் அலுமாரி நின்றது.

அதற்கு அப்புறம் மூன்று வாரம் தளம் விழவில்லை. இந்த மூன்று வாரத்தைத்தான் நான் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. கறி என்ன, கொழுந்து எத்தனை கிலோ, யார் யாரோடு சண்டை, எல்லாம் பழையபடி வந்தது.

ஒரு சாயங்காலம் பூரணி கேட்டாள்.

"அக்கா, மேல புள்ள நடக்கிறப்ப கிறீச்சு கிறீச்சுங்குது. ஒங்க பக்கம் கேக்குதா?"

"எலியா இருக்கும்."

"எலி செருப்புப் போட்டுக்கிட்டா நடக்குது?"

"ஒங்க வீட்டு எலி அப்படித்தான், புது மருமக வந்த வீடு."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சொன்ன வேடிக்கைக்கு அவள் சிரித்தாள். நான் அப்போது மேலே பார்த்துக்கொண்டு நின்றேன். என் பக்கத்தில் சுவரோடு சமமாக இருந்த உத்தர முனைகள் கட்டைவிரல் நீளம் உள்ளே போயிருந்தன. கல்லிடுக்கில் இருந்து மண் உதிர்ந்து என் அம்மியின் மேல் கிடந்தது. அதைத் துடைத்தேன்.

ஆப்புகள் என்னிடம்தான் இருந்தன, விறகுப் பரணில். திருப்பி அடித்திருக்கலாம். மூக்கனைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் திருப்பி அடித்தால் ஓட்டை அடைபட்டுப் போகும். தீபாவளிக்கு இன்னும் எட்டு நாள்தான், லோஜன் வந்தால் இரும்புத் தகடு வந்துவிடும், எப்படியும் அடைக்கத்தான் போகிறார்கள், அது வரைக்கும் இருக்கட்டும் என்று நினைத்தேன். எட்டு நாள் பெரிய காலம் இல்லை.

லோஜன் முதலாளியிடம் கேட்டு முன்னதாகவே கிளம்பிவிட்டான். அவன் வருவதாக இருந்த அன்று காலை பத்து மணி இருக்கும். பூரணி மலைக்குப் போயிருந்தாள், லயத்தில் ஆள் இல்லை. சத்தம் கேட்டது. நான் ஓடினேன். அலுமாரி, பலகை, கல், எல்லாவற்றுக்கும் அடியில் கேஷிகா கிடந்தாள். நான் போட்ட கூச்சலில் பீலிப் பக்கமிருந்து அடுத்த லயத்து நிஷாந்தியும் வேறு இரண்டு பேரும் வந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு என்று லொறியில் ஏற்றினோம். பொகவந்தலாவைப் பாதையின் வளைவுகளைத் தாண்டும் முன்பே முடிந்துவிட்டது. அவள் தலை என் மடியில் இருந்தது.

இதைத்தான் அன்றைக்கும் உங்கள் ஆட்களிடம் சொன்னேன். இதில் ஓர் இடம் சரியில்லை. கடைசியில் சொல்கிறேன்.

சவ அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் எப்படி, எப்படி என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. சுவரின் மேல் பாதி கல்லோடு கல்லாகக் கிடந்தது. எந்த ஆப்பு எங்கே என்று பிரிக்க முடியாது. அப்போது ஒருத்தி சொன்னாள், "மட்டக்கம்ப வச்சு வீடு கட்டுனா வேற என்ன ஆகும்?" எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பெரட்டில் அதே பேச்சு, கொழுந்து நிறுக்கிற இடத்தில் அதே பேச்சு, கடைசியில் உங்கள் கோப்பிலும் அதே பேச்சு. அந்த ஒருத்தி நான்தான். என் கம்பின் மேல் நானே பழியைப் போட்டேன். அது வாய் பேசாது என்று எனக்குத் தெரியும்.

மூக்கன் மறுக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை என் இஸ்தோப்பில் வந்து நின்றான். தாடி வளர்ந்திருந்தது. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அக்கா, ஒங்க கம்புக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன்."

"கம்புதானே, விடு."

"ராத்திரி பகலா யோசிக்கிறேன். டியூப்ல பாத்தேன். மூட்டை போட்டுப் பாத்தேன். நூலுல பாத்தேன். ஆப்பத்தான் சரியா எறுக்கல போல. நாலுல ஏதோ ஒன்னு லூசா இருந்திருக்கும். வெள்ளிக்கெழம ஒத்துக்கிறேன் அக்கா. அந்தப் புள்ள என்னைய மூக்கண்ணேன்னு கூப்புடும்."

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றேன். அவன் குடித்தான். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். அவன் கழுவி வைத்த அந்தக் கோப்பையை எடுத்து உள்ளே வைக்க என்னால் முடியவில்லை. இரண்டு நாள் இஸ்தோப்பிலேயே இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இங்கே வந்தேன்.

இப்போது அந்த இடத்துக்கு வருகிறேன். சத்தம் கேட்டது, நான் ஓடினேன் என்று எழுதியிருப்பீர்கள். அதை அடித்துவிடுங்கள்.

சத்தத்துக்கு முன்னால் கேஷிகா என்னோடு பேசினாள். ஓட்டை வழியாகத்தான்.

"பெரியம்மா, ஒரு யோசனை சொல்லுங்க. சாயங்காலம் அவரு வர்றாரு. மஞ்சள் சேலை கட்டவா, நீலம் கட்டவா?"

"ரெண்டும் எங்க இருக்கு?"

"மஞ்சள் இங்க கொடியில கெடக்கு. நீலம் மேல, அலுமாரியில."

அன்றைக்குக் காலையில்தான் உத்தர முனைகளைப் பார்த்திருந்தேன். முந்திய நாளைவிட உள்ளே போயிருந்தன. மஞ்சள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் மேலே ஏறியிருக்க மாட்டாள்.

"நீலம்" என்றேன்.

ஏன் என்று கேட்காதீர்கள். நீலம் அவளுக்கு நன்றாக இருக்கும். கல்யாணத்துக்கு மறுநாள் அதைத்தான் கட்டியிருந்தாள்.

ஏணி ஏறுகிற சத்தம் கேட்டது. அலுமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் எல்லாம் கீழே வந்தது. புழுதி என் அடுப்படியில் நிறைந்தது. புழுதி அடங்கியதும் சுவர் இருந்த இடத்தில் பெரிய வெளிச்சம் தெரிந்தது.

"பெரியம்மா" என்று கூப்பிட்டாள். கத்தவில்லை. உப்புக் கேட்பது போலத்தான் கூப்பிட்டாள்.

"வர்றேன் மகளே" என்றேன்.

ஆனால் முதலில் விறகுப் பரணில் இருந்து அந்த இரண்டு ஆப்பையும் எடுத்து அடுப்பில் வைத்தேன். யாராவது வந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள். வைரம் பாய்ந்த மரம், லேசில் பிடிக்கவில்லை. ஊதினேன். இரண்டாவது தடவை கூப்பிட்டாள். "வந்துட்டேன், வந்துட்டேன்" என்றேன். மூன்றாவது தடவை பெரியம்மா என்று முழுதாகச் சொல்லவில்லை. அடுப்பில் இருந்த கேத்தல் கொதித்து வழிந்தது. அப்போதுதான் ஆப்புகளும் நன்றாகப் பிடித்துக்கொண்டன. அதற்குப் பிறகுதான் போனேன், அதற்குப் பிறகுதான் கூச்சல் போட்டேன். கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் என்று அன்றைக்கு ஒரு டாக்டர் பூரணியிடம் சொன்னது எனக்கும் கேட்டது. பூரணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கக்கா இல்லாட்டி இந்த அளவுக்குக்கூடக் கொண்டாந்திருக்க முடியாது" என்றாள்.

இவ்வளவுதான். மூக்கனை விட்டுவிடுங்கள். கையெழுத்து வைக்கத் தெரியும், எங்கே என்று காட்டுங்கள்.

தோட்டத்து ஆட்கள் வந்து சுவரைப் பழைய உயரத்துக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். மேலே யாரும் இனித் தளம் போடப் போவதில்லை. லோஜன் கொழும்போடு போய்விட்டான். பூரணி தனியாகத்தான் இருக்கிறாள், நானும் தனியாகத்தான் இருக்கிறேன். இருந்து இருந்து அழுவாள். நான் சுவருக்கு மேலாக ஏதாவது சொல்லிக்கொண்டு இருப்பேன். அந்தப் பிள்ளை சிரிக்கச் சிரிக்கப் பேசியதை எல்லாம் என்னிடம்தான் சொல்கிறாள். அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஒரு உதவி மட்டும் செய்யுங்கள், தம்பி. நான் இங்கே வந்ததை இன்றைக்கே அவளிடம் சொல்லியனுப்ப வேண்டாம். பின்னேர பஸ்ஸுக்கு என்னை விட்டால் நாளைக்கு நானே திரும்பி வந்துவிடுவேன். விடிந்ததும் அவள் எந்திரிச்சிட்டீங்களா என்று கேட்பாள். பதில் வராவிட்டால் அந்தப் பெண் தாங்க மாட்டாள். அவளுக்காகத்தான் சொல்கிறேன்.